ரேஸ் சைக்கிளில் ஒரு லாரிப் பட்டை

ஏனுங்க, இன்று காலை எதிர்வீட்டுக் கேட்டுக்கு வெல்டிங் வைத்தார்கள். கருகல் வாசம் சமையலறை வரை வந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் சட்டைகளை எத்தனை முறை துவைத்தாலும் போகாத வாசம் அது.

நமக்குக் கல்யாணமான புதிது, எழுபதுகளின் கடைசி. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் நீங்கள் வெல்டர். அந்த வேலை உங்களுக்கு வேம்பாய்க் கசந்தது. சேலத்துச் சைக்கிள் பந்தயத்தில் முதலாவதாக வந்தால், விளையாட்டுக்காரர் என்று அரசாங்க வேலைக்கு எடுப்பார்கள் என்றீர்கள். வயது வரம்புக்கு அந்த ஒரு வருடம்தான் மிச்சம். புது ரேஸ் சைக்கிளுக்கு நமக்கு ஏது வக்கு? ஏற்காட்டு எஸ்டேட்டில் யாரோ ஒரு துரை விட்டுப்போனது ஓமலூர்ப் பழைய இரும்புக்கடையில் கிடந்தது. தீபாவளித் துணியை மறந்துவிட்டு அதை வாங்கினோம்.

மண்ணெண்ணெய் ஊற்றி, தேங்காய் நாரால் துருவை நான் தேய்த்தேன். தேய்ந்துபோன லாரி டயரை அறுத்துப் பிரேக் கட்டை செய்தீர்கள். சீட்டுக்குக் கீழே குழாயில் ஒரு விரிசல் மட்டும் மிச்சம்.

"பித்தளையை உருக்கி ஒட்டுனாப் போதும் தம்பி. மெல்லிசுக் குழாய், சூடு தாங்காது," என்று கடைக்கார பாய் படித்துப் படித்துச் சொன்னார்.

நீங்கள் கேட்டால்தானே! நம் ஊர்க்காரருக்கு எதைப் பார்த்தாலும் பத்து டன் ஏற்றத்தான் தோன்றும்.

"பித்தளை என்னத்தத் தாங்கும் அம்மிணி? ஒரு இரும்புப் பட்டை வெச்சுப் பத்தவெச்சா ஆயுசுக்கும் அசையாது."

"இது சைக்கிளுங்க, லோடு லாரியில்லீங்க," என்றேன். சிரித்தீர்கள்.

பந்தயத்துக்கு முந்தின ஞாயிறு, சேலத்துக்குப் பக்கம் கொண்டப்பநாயக்கன்பட்டி மலைச் சரிவில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினீர்கள். "பொழுதோட ஊட்டுக்கு வந்தர்றேன்," என்றீர்கள். வந்தது இருட்டிய பிறகு, பஸ்ஸை விட்டிறங்கி, சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு. நீங்கள் வைத்த பட்டை அசையவில்லை. அதை ஒட்டிக் குழாய்தான் முறிந்திருந்தது. சிராய்ப்புக்கு மஞ்சள் வைத்தபோது, "ஒடையறதுக்கு முந்தி காத்தாட்டம் போச்சு அம்மிணி," என்று சொல்லிவிட்டு அழுதீர்கள்.

பந்தயம் நீங்கள் இல்லாமலே நடந்தது. அடுத்த வருடம் வயது தாண்டிவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. "போனது ஒரு ஓட்டைச் சைக்கிள்தானே," என்றார் உங்கள் அக்கா. வாய்வரைக்கும் வந்ததை மாமியார் முகத்துக்காக விழுங்கினேன். நீங்கள் பந்தயத்துக்கு மறுநாள் பட்டறைக்குப் போனவர்தான். கண் மங்கும்வரை போய்க்கொண்டே இருந்தீர்கள். சைக்கிள் என்ற பேச்சையே எடுக்கவில்லை. மறந்துவிட்டீர்கள் என்றுதான் நானும் இருந்தேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நர்ஸ் கேட்டாள்: "அய்யா என்ன வேலை பார்த்தாருங்க?"

"வெல்டருங்க," என்றேன்.

நீங்கள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. அந்த முதுகுதான் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.