தொப்புளுக்குக் கீழே ஓர் எல்லை

ஜூன் 4
ஆபரேஷன் செய்து பாப்பாவை எடுத்த தையலுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் மரத்தே கிடக்கிறது. தொட்டால் விரலுக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரியவில்லை. நிலம் அளக்கிறவள் புத்தி எங்கே போகும்? உணர்வு நின்றுபோகிற இடங்களில் பேனாவால் புள்ளி வைத்து, சுற்றிக் கோடு போட்டேன்.

கணவர் பார்த்துவிட்டார். “என்ன, பட்டா வாங்கப் போறியா?”

ஜூன் 7
பாப்பா பால் குடித்தாள். தூங்கினாள். மழைச் சத்தம் என்று நினைத்தேன், மின்விசிறி.

ஜூன் 9
டாக்டரம்மா கேட்டார்: “குறுகுறுங்குதா? சுருக்குனு குத்துதா? திகுதிகுன்னு எரியுதா?” எதுவுமில்லை என்றேன். “நரம்பு மெதுவாத்தான் கூடும்மா.”

தோலுக்கு எத்தனை வார்த்தைகள்! இன்னொன்றையும் கேட்க வாயெடுத்தேன், வரவில்லை. பாப்பாவைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. அழகான குழந்தைதான். அடுத்த வீட்டுக் குழந்தை மாதிரி அழகு.

ஜூன் 13
அம்மா போனில், “பிள்ளை முகத்தைப் பாத்ததும் வலியெல்லாம் பறந்துடுமே, இல்லடி?” என்றாள். ஆமாம்மா என்றேன். பொய். பறந்தது மாத்திரையால்.

திரைச்சீலை வழியாக வெளிச்சம் ஆடைகட்டின பால் போல இறங்குகிறது. அதற்குள் எல்லோரும் மெதுவாக நடக்கிறார்கள். நானும் நடக்கிறேன். எனக்கு மட்டும் ஏன் இப்படி? நான் என்ன கல்லா? கல்லுன்னா கூட வெயில்ல சுடுமே—

ஜூன் 16
சொல்லிவிட்டேன். “எனக்கு அவ மேல ஒண்ணுமே தோணலங்க.”

கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. “சரி. அதுவரைக்கும் எனக்குத் தோணுறத ரெண்டு பேருக்குமா வெச்சுக்கலாம். டாக்டர்கிட்டயும் சொல்லுவோம்.”

ஜூன் 21
கணவரின் அக்கா வந்திருந்தார். என்னிடம் கத்திக்கொண்டிருந்த பாப்பா, அவர் வாங்கியதும் வாயை மூடி, அவர் தோளில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள்.

“பாரேன், செல்லத்துக்கு அத்தையத்தான் பிடிக்குது! நான் தூக்கிட்டுப் போயிடுறேன், நீ நிம்மதியாத் தூங்கு.” சிரித்துக்கொண்டே வாசல்வரை போனார்.

விளையாட்டுதான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. தையல் இருப்பதையே மறந்து எழுந்து ஓடினேன். “குடுங்க அவளை!”

நாத்தனார் முகம் சுண்டிப்போயிற்று. பாப்பா என் கையில் மறுபடி வீறிட்டாள். வீறிடட்டும் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 22
“அக்கா வருத்தப்படுது, ஒரு வார்த்தை பேசிடேன்” என்கிறார் கணவர். பேசத்தான் வேண்டும். பாவம், அவர் என்ன தப்புச் செய்தார்?

நாளைக்குப் பேசுகிறேன். பாப்பாவுக்காக எனக்கு வந்த முதல் கோபம், இன்னும் தணியவில்லை. இன்றைக்கு ஒரு நாள் அது என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும்.