அக்டோபரில் ஏறிய நட்சத்திரம்

கும்மிடிப்பூண்டி,
அக்டோபர், செவ்வாய் காலை.

அன்புள்ள குல்சும்,

நீயும் உன் வீட்டாரும் நலமென்று நம்புகிறேன். நானும் நலம், பூட்டி வைத்த பாத்திரத்துக்கு வாய்க்கும் நலம்.

எங்கள் வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஏறிவிட்டது. தீபாவளிப் பட்டாசுக் கடையே இன்னும் திறக்கவில்லை. நாம் கல்லூரியில் படித்த காலத்தில் டிசம்பருக்கு முன் அதை எவரும் பரணிலிருந்து இறக்கியதில்லை. கேட்டால், கம்பெனியில் எல்லோரும் மாட்டிவிட்டார்கள் என்கிறாள் மருமகள் மெர்சி. உங்கள் பெருநாளும் ஆண்டுதோறும் முந்துகிறதுதான். ஆனால் அது பிறையைப் பார்த்து முந்துகிறது, கடையைப் பார்த்து அல்ல.

நேற்று கம்பிக் கதவுக்கு வெளியே மீன்கூடையை இறக்கிய பூவம்மாள் அண்ணாந்து பார்த்து, "இன்னா டீச்சரம்மா, மாதாவுக்கு இப்பத்தான் வளைகாப்பு மாசம். அதுக்குள்ள புள்ள பொறந்த ஊடு மாதிரி ஜோடிச்சிக்கினு கீறீங்களே!" என்றாள். சிரித்தேன். சிரித்து நெடுநாளாயிற்று.

சென்ற கிறிஸ்துமஸுக்கு இங்கு விருந்தாளியாக வந்தவள் நான். திருவள்ளூர் வீட்டுக்குத் திரும்பும் பேச்சை எடுத்தபோது மகன் ஸ்டீவன், "பண்டிக முடியட்டும்மா, நானே இட்டுக்கினு போய் உட்டுட்றேன்" என்றான். பிறகு பொங்கல், பிறகு ஈஸ்டர். ஈஸ்டர் முடிந்ததும் நானே ரயில் நிலையம் வரை நடந்துவிட்டேன்; ஸ்டீவன் வந்து திருப்பி அழைத்துப் போனான். அன்றுமுதல் இருவரும் வேலைக்குப் போகையில் வெளியே பூட்டு. மோசடிக்காரர்கள் அழைக்கிறார்களென்று என் கைபேசியும் அவனிடம். அவன் கொடியவனல்ல, பயந்தவன்; பயந்தவனிடம் வாதாடி வெல்ல முடியாது. சென்ற வாரம் மறுபடி கேட்டேன். பண்டிகை வந்துவிட்டதே, முடியட்டும் என்கிறான். இந்த வேகத்தில் ஒரு கிறிஸ்துமஸ் முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடும். நான் புறப்பட இடையில் ஒரு நாளும் மிஞ்சாது.

ஆனால் சபையார் வீடுவீடாகப் பாடிவரும் கேரல் பவனியும் இவ்வாண்டு முந்திவிட்டது. சிப்காட் தொழிற்சாலை ஷிப்டுகளுக்கு நடுவே டிசம்பரில் ஆள் சேராதாம். எங்கள் தெருவுக்கு இந்த ஞாயிறு மாலை வருகிறது. பவனி வந்தால் கதவை விரியத் திறந்து வைப்பதும், வீட்டுப் பெரியவர் பாடகர்களுடன் அடுத்த வாசல்வரை நடப்பதும் இங்கு வழக்கம். நான் அடுத்த வாசலில் நிற்கப் போவதில்லை.

உன் மகன் மொஹசினைத் தெருமுனை பேக்கரி அருகே காருடன் நிற்கச் சொல். திருவள்ளூர் வீட்டுச் சாவி என் பைபிள் உறைக்குள் இருக்கிறது. போய்ச் சேர்ந்ததும் ஸ்டீவனுக்கு நானே பேசிச் சொல்வேன். அவனைத் தேட விடமாட்டேன்.

இக்கடிதம் பூவம்மாளின் கூடையில் பழவேற்காடு வருகிறது. வாடையைப் பொறுத்துக்கொள்.

பண்டிகை முந்துவதை இத்தனை ஆண்டுகள் திட்டித் தீர்த்தவள், இந்த ஒரு முறை அது செப்டம்பரிலேயே வந்திருக்கலாகாதா என்று எண்ணுகிறேன். எவரிடமும் சொல்லிவிடாதே.

உன் வாசற்கதவு என்றும் உள்ளிருந்தே திறப்பதாக இருக்கட்டும். மொஹசினைத் தாமதிக்க விடாதே.

உன்,
சுகிர்தா