புல் வரப்பை உழுதவன்

அன்புத் தங்கை ஒதீலுக்கு,

வெள்ளம் வடிந்தபின் நான் உன் சமையலறைச் சேற்றை வாரிக் கொட்டியபோது உன் கணவர், "மழைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க மச்சான்?" என்று காபியில் ஆப்பிள் சாராயம் ஊற்றிக் கொடுத்தார். தலையாட்டிக் குடித்தேன்.

என் வயலில் நாருக்கான ஆளிச் செடி விதைக்க மண்ணை மாவாக நொறுக்கியிருந்தேன். மழை அறைந்து அறைந்து அதன் மேல் ஓடு கட்டிவிட்டது. தண்ணீர் உள்ளே இறங்காமல், மண்ணை இழுத்துக்கொண்டு உன் வீட்டை நோக்கிச் சரிவில் ஓடியது.

அதைத் தடுக்கத்தான் உன் வீட்டுக்கு மேற்புறச் சரிவில் அப்பா உழாமல் ஒரு புல் வரப்பு விட்டிருந்தார். அதை வெள்ளம் அடித்துப்போனதாக மேயரிடம் சொன்னேன். பொய். மார்ச்சில் நானே உழுதுவிட்டேன், நாலு வரிசை ஆளிக்காக.

உன் கதவோரம் ஒரு புல்வேர்க் கட்டி கிடந்தது, கலப்பை நேராக வெட்டிய விளிம்போடு. நீ பார்க்குமுன் சட்டைப்பையில் ஒளித்தேன். இன்னும் அந்தப் பையில்தான் இருக்கிறது.

இதை உன் கணவருக்கும் வாசித்துக் காட்டு.

உன் அண்ணன்