பூட்ஸோடு நிற்கிறான்

ஜனவரி 9, வியாழன்
பள்ளிக்கூடச் சமையலுக்குக் கிளம்பும் முன் இன்றும் எழுத உட்கார்ந்தேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவளுக்குக் கதை எழுத ஆசை. நல்லா வருதோ இல்லையோ தினம் ஒரு பக்கம் எழுது என்பது நூலகத்தில் கதை எழுதுகிறவர்கள் கூட்டத்தை நடத்தும் மார்லிஸின் கட்டளை. அந்தக் கூட்டத்துக்கு வரும் கர்ட்டின் வழுக்கையைப் பற்றி என்றால் பேனா ஓடுகிறது. டுவேனிடம் வந்தால் மட்டும் மாட்டிக்கொள்கிறது.

கதை சின்னதுதான். போன பிப்ரவரியில் என் புருஷன் டுவேன் வாசல் பனியை வாரித் தள்ளப் போனான். அங்கேயே விழுந்தான், போய்விட்டான். ஆனால் அந்த இடம் வந்ததும் என் பேனா அவனை உள்ளே கூட்டி வந்துவிடுகிறது. பூட்ஸோடு நின்றுகொண்டு பான்கேக் எங்கே என்கிறான்.

எழுதும்போது முதுகுக்குப் பின்னால் அவன் சிரிப்பது கேட்கிறது. நிஜமாகவே கேட்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு
மறுபடியும் உள்ளே வந்துவிட்டான்.

ஜனவரி 14, செவ்வாய்
கூட்டத்தில் என் முறை. எழுதியதை வேறொருவர் வாசிப்பார். எல்லோரும் பேசி முடிக்கும்வரை எழுதினவர் வாய் திறக்கக்கூடாது. அறையிலேயே இல்லாத மாதிரி ‘எழுதினவ’ என்றுதான் பேசுவார்கள். பேய் நாற்காலி என்று அதற்குப் பெயர். என்னைப் போன்ற வாயாடிக்கு அது ஜெயில்.

கர்ட் வாசித்தான். பழுதான கார்களை இழுத்துப் போகும் வண்டி ஓட்டுகிறவன், ஊருக்குப் புதுசு, டுவேனைப் பார்த்ததே இல்லை. பான்கேக் வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். மார்லிஸ் மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆள் செத்துட்டான்னு எழுதினவளுக்கு இன்னும் தெரியல” என்றாள்.

“எனக்கா தெரியாது? அவன் பூட்ஸக் கழட்டினவளே நான்தான்.” கத்திவிட்டேன்.

“பேய் பேசக்கூடாது, லோர்னா.” தாளை என் பக்கம் தள்ளி, “இப்ப சொன்னியே, அத எழுது” என்றாள்.

ஜனவரி 15, புதன்
எழுதவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு
இன்றும் இல்லை. பயமா இருக்கு. எழுதி முடிச்சிட்டா போயிடுவானோ? காலையில் இந்த மேசைகிட்ட இருக்கிறான். கதை முடியாதவரைக்கும் இருப்பான். பைத்தியமாடி உனக்கு? ஆமா, பைத்தியம்தான். அதுக்கென்ன இப்ப?

ஜனவரி 23, வியாழன்
பள்ளிக்கூட வாசலில் வாத்தியார் காரை இழுக்க கர்ட் வந்திருந்தான். நீ எழுதுற விண்வெளிக் கதையில ஒருத்தனுக்காவது பசிக்குதா என்று வம்புக்கு இழுத்தேன். அவன் சிரிக்கவில்லை.

“உங்க ஆள உள்ள கொண்டுவந்தீங்க, சரி. பூட்ஸக் கழட்டவே விடலையே. நம்ம ஊர்ல வீட்டுக்குள்ள யாருங்க பூட்ஸோட நிப்பா? கெளம்புறவன்தான் நிப்பான். வீட்டுக்குப் போயும் எனக்கு அதே நெனப்பு. பாவம், கால் கடுக்கும்.”

 

ஜனவரி 26, ஞாயிறு
எழுதினேன்.

மல்லாக்க விழுந்திருந்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை வாசலில் பனியில் உட்கார்ந்து அவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தேன். விரல் மரத்துப்போய் முடிச்சு வரவில்லை, பல்லால் இழுத்தேன். எதற்குக் கழற்றினேன்? உள்ளே கூட்டிப்போகலாம் என்று நினைத்தேன் போல. பனியோடு தரையில் மிதித்தால் நான் என்ன கத்து கத்துவேன் என்று அவனுக்குத் தெரியும். இடது சாக்ஸில் ஓட்டை, பெருவிரல் எட்டிப் பார்த்தது. அதையும் எழுதினேன்.

அந்த வரியில் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. பெரிசாக.

பிப்ரவரி 11, செவ்வாய்
கூட்டத்தில் பூட்ஸ் கயிறு வந்த இடத்துக்கு மேல் கர்ட்டால் வாசிக்க முடியவில்லை. மீதியை மார்லிஸ் வாசித்தாள். கடைசிவரை பேய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். 

பிப்ரவரி 13, வியாழன்
புதுக் கதை. மார்லிஸும் அவள் தொலைத்த பல்செட்டும். நல்லா வருகிறது. ஓரிடத்தில் சிரித்துவிட்டேன். சமையலறையில் என் சிரிப்பு மட்டும்தான் கேட்டது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பிறகு அடுத்த வரியை எழுதினேன்.