சின்னவளோட ரத்தத்துல இருந்தது

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதறேன். நீ நல்லா இருக்கணும், வேளைக்குச் சாப்பிடணும், அங்க குளிர் உன்னைப் படுத்தாம இருக்கணும். இங்க எல்லாரும் சுகம்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மனசு வரல. என் விரலுக்கு எழுத்து கோணலாத்தான் வரும், பொறுத்துக்கிட்டுப் படி. ஃபோன்ல பேசினா நீ ஏதாவது சமாதானம் சொல்லி என் வாயை அடைச்சிடுவ.

செவ்வாய்க்கிழமை மூட்டு டாக்டரம்மாகிட்ட போனேன். உன் தங்கச்சி சின்னவ, வேலை பார்க்கற கடிகாரக் கடையில லீவு சொல்லிட்டுத் துணைக்கு வந்தா. என் விரலையெல்லாம் அமுக்கிப் பார்த்து மருந்து எழுதிக்கிட்டே டாக்டரம்மா அவ பக்கம் திரும்பி, உனக்குக் காலையில விறைப்பு ஏதும் இல்லையேம்மான்னு சாதாரணமா கேட்டாங்க. இவளுக்கு எதுக்கு இந்தக் கேள்வின்னு நான் சிரிச்சேன், சின்னவ முகம் வெளுத்துப்போச்சு. அம்மாகிட்ட இன்னும் சொல்லலையான்னு அவங்க கேட்டாங்க. வெளிய மருந்துக்கடை பெஞ்சுல உட்கார்ந்து அழுதுக்கிட்டே எல்லாத்தையும் கொட்டினா. அம்மாவுக்கு இருக்கற முடக்குவாதம் பிள்ளைங்களுக்கும் வருமான்னு முன்கூட்டியே ரத்தத்தைச் சோதிச்சுப் பார்க்கலாம்னு, லீவுல வந்தப்ப நீதான் அவளைக் கூட்டிட்டுப் போனியாம். சொந்த மூட்டையே எதிரின்னு நினைச்சு அடிக்கற ஒண்ணு என் ரத்தத்துல இருக்கே, அது அவ ரத்தத்துலயும் நிறைய இருக்காம். இப்போதைக்கு வலி இல்லை, வீக்கம் இல்லை, நோய் வரலாம், வராமலே போகவும் போகலாமாம். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், தாங்கமாட்டாங்கன்னு சொன்னது நீயாம்.

நான் தாங்கமாட்டேனாடா? சலூன்ல கத்தரிக்கோல் பிடிச்ச இந்தக் கை ஒரு நாள் ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியாம நின்னப்ப யாரு தாங்கினது? இந்த வீட்டுல அந்த நோயோட குடித்தனம் நடத்தறவ நான் ஒருத்திதான், என்னை விட்டுட்டு நீயும் அவளும் உங்கப்பாவும் கூடிப் பேசி முடிவு பண்ணிட்டீங்க. உங்கப்பா கதை அதுக்கும் மேல. கல்யாணமான நாள்லேர்ந்து நான் கெஞ்சியும் விடாத சிகரெட்டைத் திடீர்னு விட்டாரே, எனக்காகத்தான்னு முடி வெட்டிக்க வர்றவங்ககிட்ட எல்லாம் பீத்திக்கிட்டேன். வீட்டுல புகை இருந்தா சின்னவளுக்கு ஆகாதுன்னு டாக்டரம்மா கண்டிச்சதாலதான் விட்டிருக்கார். மகளுக்காக விட்டாரேன்னு எனக்கும் சந்தோஷம்தான், ஆனா நான் பீத்தினப்ப பக்கத்துல நின்னு தலையாட்டினாரே, அதை நினைச்சா நெஞ்சு எரியுது. ரெண்டு நாளா அவர்கூட பேச்சு இல்லை, சோறு மட்டும் போடறேன்.

நேத்து சின்னவளைப் பக்கத்துல உட்கார வச்சு எனக்கு எப்படி ஆரம்பிச்சதுன்னு ஒண்ணு விடாம சொன்னேன். ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி விரல் வீங்கினதை, காலையில தண்ணி பாட்டில் மூடி திறக்க வராததை, படுத்த கோணம் சரியில்லைன்னு நானே சொல்லிக்கிட்டு டாக்டர்கிட்ட போகாம நாளைக் கடத்தினதை. உனக்கு அப்படி ஏதாவது தெரிஞ்சா அன்னைக்கே போய் நிக்கணும்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா, இதையெல்லாம் உன்கிட்ட கேக்கணும்னு தவியா தவிச்சேம்மா, அண்ணன் கேக்கக்கூடாதுன்னுட்டான்னு சொன்னா. என்கிட்ட மறைச்சதைக்கூட மன்னிச்சிடுவேன் போல, பயந்துபோன பிள்ளையை என்கிட்ட வரவிடாம பண்ணினியே, அது ஆறல.

உடம்பைப் பார்த்துக்கோ, கோபத்துல எழுதறேனே தவிர உனக்கு ஒரு குறையும் வரக்கூடாதுன்னுதான் எந்த நேரமும் நினைக்கறேன், நூறு வருஷம் நல்லா இரு. ஒண்ணு மட்டும் மறக்காதே. அண்ணன் தங்கச்சி ரெண்டு பேருமே அன்னைக்கு சோதனைக்கு ரத்தம் கொடுத்ததா டாக்டரம்மா சொன்னாங்க. உன்னோடதுல என்ன வந்ததுன்னு சின்னவளுக்குத் தெரியல, அவ அப்பாகிட்ட கேட்டா அவர் ஜன்னலைப் பார்க்கறார். நல்லதோ கெட்டதோ, இந்தத் தடவை முதல்ல எனக்குச் சொல்லு.

இன்னும் கோபம் தணியாத,
உன் அம்மா