தொட்டில் இல்லாத பத்தியம்

இன்று காலை நல்லெண்ணெயில் பூண்டு வதங்கியபோது, சிங்கப்பூரின் இந்த ஈசூன் வீட்டுச் சமையலறை மெல்லக் கரைந்து, சிராங்கூனில் நான் முன்பு குடியிருந்த வீடாயிற்று. வாசலில், தோழி, நீ நின்றாய், கையில் டிபன் கேரியரோடு.

இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு மூன்றாவது வேண்டாம் என்று அவரும் நானும் முடிவெடுத்திருந்தோம். கருவைக் கலைத்துவிட்டு வந்து படுத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வெந்நீர்ப் பையைப் பார்த்தே நீ கண்டுகொண்டாய்.

"சின்ன ப்ரொசீஜர்தான்" என்றேன்.

"கான்வென்ட் இங்கிலீஷ்ல சொன்னா வயித்துக்கு வலிக்காதாடி?"

கேரியரில் பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும். பிள்ளை பெற்றவளுக்குச் சமைக்கும் பத்தியம். எனக்குக் கோபம் வந்தது.

"தொட்டில் இல்லாத வீட்டுக்கு இது எதுக்கு?"

"நான் தொட்டிலுக்கா சமைச்சேன்? உனக்குத்தானே. சாப்பிடு லா."

நேற்று உன் மகளை மருத்துவமனையிலிருந்து நான்தான் அழைத்து வந்தேன். கருவைக் கலைத்த காரணத்தைச் சொன்னாள், அது அவளுடையது. அங்கே முதலில் ஓர் ஆலோசகர் தனியாகப் பேசினாராம், யோசிக்க அவகாசமும் தந்தார்களாம். மாத்திரையும் உண்டு, இவள் கருவை உறிஞ்சி எடுக்கும் சிறிய சிகிச்சையைத் தேர்ந்தாள். மயக்க மருந்து, சில நிமிடம், அன்றே வீடு. ஓரிரு வாரம் மாதவிலக்குப் போல இரத்தம் போகலாம், வயிறு இழுத்துப் பிடிக்கலாம். காய்ச்சலோ தாங்காத வலியோ வந்தால், பேட் மாற்றி மாளாமல் இரத்தம் போனால், உடனே திரும்பி வரச் சொன்னார்கள். மனம் கனத்தால் அதே ஆலோசகரை அழைக்கலாம். எல்லாவற்றையும் தாதியிடம் இருமுறை கேட்டுக்கொண்டேன். என்னைத் தெரியுமே உனக்கு.

பூண்டு வாசனைக்கு எழுந்து வந்தாள். பாதித் தூக்கத்தில், உன்னைப் போலவே கதவில் சாய்ந்து நின்றாள். ஒரு கணம் நீயோ என்றுகூட நினைத்தேன்.

"ஆன்ட்டி, அம்மா இருந்திருந்தா என்னைத் திட்டியிருப்பாங்கல்ல?"

என் கணவர் போன பிறகு என் ரகசியம் தெரிந்தவள் நீ ஒருத்திதான். நீயும் போய்விட்டாய். குழம்பும் சுறாப் புட்டும் பரிமாறிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த டிபன் கேரியரின் கதையை முதன்முறையாக ஒருவரிடம் சொன்னேன். தட்டைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"திட்டியிருப்பாதான்" என்றேன். "இப்படிச் சாப்பாட்டை ஆறவிட்டா."

சிரித்தாள், கொஞ்சம் அழுதாள், பிறகு இன்னும் கொஞ்சம் புட்டு கேட்டாள்.

உன் கேரியர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திருப்பித் தருவதாக இல்லை.