காதை மூடச் சொன்னது யார்?

ஜனவரி 22, 2007

ஃப்ரீவேயில் இன்றும் ஒன்றரை மணி நேரம். ஆபீசுக்குள் நுழைந்ததும் வேலையைத் தொடாமல் கம்ப்யூட்டரில் ஜோவானாவின் இன்டர்நெட் போட்டோ ஆல்பத்தைத் திறந்தேன். புதுப் படம் இல்லை. மத்தியானம் பார்த்தேன். இல்லை. கிளம்பும்போதும் பார்த்தேன். நாற்பத்தெட்டு வயதில் இது என்ன பிழைப்பு?

வீட்டில் பார்க்க வழியில்லை. "அவ பேச்சையே இந்த வீட்ல எடுக்கக் கூடாது" என்று ஆகஸ்டில் சொல்லிவிட்டாள் என் மனைவி ஞானம். அவ என்றால் வேறு யாரோ இல்லை, இவள் கூடப்பிறந்த தங்கை ஜோவானா.

ஜனவரி 29

வந்துவிட்டது! ஜோவானாவின் பையன் சைலஸுக்கு முடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். ஞானம் பார்த்தால் துடித்துப்போவாள். வீட்டுக்கு வந்து சொல்ல வாய் துறுதுறுத்தது. "ரசம் ஆறுது, வாங்க" என்றாள். சாப்பிட்டேன்.

பிப்ரவரி 3

மனம் ஒரு நிலையில் இல்லை. எழுதியாவது தீர்க்கிறேன்.

ஜோவானா நியூ ஜெர்சியில் டாக்டர் பயிற்சி எடுத்தபோது, பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று ஒரு வயதில் எங்களிடம் விட்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டரை வருஷம் இங்கே கலிபோர்னியாவில், லிவர்மோர் வீட்டில் எங்களோடு வளர்ந்தான். என்னைப் பெரியப்பா என்றவன் ஞானத்தை மட்டும் அம்மா என்றான். யாரும் சொல்லித் தரவில்லை. யாரும் திருத்தவும் இல்லை — அதுதான் வினை. ஆகஸ்டில் அழைத்துப்போக வந்த ஜோவானாவைப் பார்த்து ஞானத்தின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"அவன் அம்மா நான். நீ அப்படிக் கூப்பிட விட்டதே தப்புக்கா."

"பெத்தா போதுமாடி?" என்று கேட்டுவிட்டாள் இவள். அதோடு பேச்சு நின்றது.

ஆனாலும் ஆல்பத்தைப் பார்க்கும் அழைப்பை ஜோவானா எங்கள் இருவருக்கும்தான் அனுப்பினாள். "நான் டெலிட் பண்ணிட்டேன்" என்றாள் ஞானம்.

எங்களை மறந்திருப்பானோ? நாலு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு நினைவிருக்கும்?

பிப்ரவரி 9

படமில்லை.

பிப்ரவரி 15

ஜோவானா இருக்கும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் பனி. சைலஸ் அதில் நின்று சிரிக்கிறான். தலையில் ஒன்றும் இல்லை. காது இரண்டும் சிவந்து கிடக்கிறது.

பிப்ரவரி 16

ஐயோ. அந்தப் படத்துக்குக் கீழே யாரோ எழுதியிருக்கிறார்கள். பெயர் இல்லை. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: "பிள்ளைக்குக் காதை மூடு. சளி நெஞ்சுக்கு இறங்கிரும்."

டாக்டருக்கே வைத்தியம் சொல்ல யாருக்கு இவ்வளவு துணிச்சல்? ஜோவானா என்னைத்தானே நினைப்பாள்? அத்தான் இன்னும் குறை கண்டுபிடிக்கிறார் என்று ஆல்பத்தை மூடிவிட்டால்? மூடிட்டா நான் அவன எங்க போய்ப் பாக்குறது? நான் இல்லைன்னு மெயில் போடவா? அப்ப யாருன்னு கேப்பா. எனக்கே தெரியாதே!

பிப்ரவரி 20

ஒன்றுமில்லை. மீட்டிங்கில் மேனேஜர் இரண்டு முறை கூப்பிட்டாராம். எனக்குக் கேட்கவில்லை.

பிப்ரவரி 26

மறுபடி பனி, மறுபடி படம். சைலஸ் தலையில் நீலக் குல்லா, காது இரண்டும் உள்ளே. கீழே ஜோவானா எழுதியிருப்பது: "மூடிட்டேன்."

யாருக்குப் பதில் சொல்கிறாள்?

மார்ச் 3

ஞானம் சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். துணிந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். இதில் நான் அந்த ஆல்பத்தை ஒருநாளும் திறந்ததில்லை. முதல் எழுத்தை அடித்ததுமே மீதி விலாசம் தானாக வந்து நின்றது.

அடிப்பாவி.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. இரண்டு பேரும் ஒரே பிள்ளையைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு, ஒரே மேசையில் உட்கார்ந்து ரசம் சாப்பிட்டிருக்கிறோம்.

அவள் உள்ளே வந்ததும், "குல்லா நல்லாத்தான் இருக்கு, இல்ல?" என்றேன். கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நீலம் அவனுக்கு எடுப்பா இல்லைங்க" என்றாள்.

மார்ச் 11

வெப்கேம் வாங்கி மாட்டினேன். ஜோவானாவுக்கு நான்தான் போன் போட்டேன். "அக்கா பக்கத்துல இருக்காளா, அத்தான்?" என்றுதான் முதலில் கேட்டாள்.

திரையில் சைலஸ் வந்தான். ஞானத்தைப் பார்த்ததும் ஓடிப்போய்க் குல்லாவை எடுத்து வந்து காட்டினான். "அம்மா! லுக், ஐ ஹேவ் எ கேப்!"

மறக்கவில்லை. மறக்கவே இல்லை! பக்கத்தில் ஜோவானா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தானே ஞானம் இத்தனை மாதம் ஏங்கினாள்? நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"பெரியம்மாடா, கண்ணு" என்றாள். "அம்மா உன் பக்கத்துல இருக்கா பாரு. பெரியம்மா சொல்லு."

சொன்னான். ஞானம் கை தட்டினாள். நான் வயரைச் சரிசெய்வதுபோல் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.